நெய்யை நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு ஏன் ஏறுகிறது?

கேள்வி: மாரடைப்பு பயத்தில் ஆறு மாதமாக நெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். 190 இருந்த ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) இப்போது 280. கொழுப்பே சாப்பிடாதவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? (வாசகர், வயது 52, திருச்சி)

பதில்: உங்கள் கல்லீரலிலிருந்து. நீங்கள் எழுதி அனுப்பிய ஒரு நாள் சாப்பாட்டையே பார்ப்போம். காலையில் ஐந்து இட்லி, மதியம் ரசம் விட்டு இரண்டு தட்டு சாதம், மாலையில் நாலு மேரி பிஸ்கட், இரவு ரவை உப்புமா, நடுநடுவே நாலு டீ. நெய்யும் முட்டையும் போன இடத்தில் சாதமும் பிஸ்கட்டும் வந்து உட்கார்ந்துவிட்டன. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாலு டீக்கு எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பில் எல்லா உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழும். செலவாகாமல் மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த 280 அதுதான். ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கி நிற்கும் ரிப்போர்ட்டுகளை நம் ஊரில் மிகச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். இரண்டாவது தட்டு சாதத்துக்குப் பதில் கீரை, கெட்டிப் பருப்பு, சுண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைத் திரும்பச் சேர்க்கலாம், பயம் வேண்டாம். மதுப் பழக்கம், தைராய்டு கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். அதனால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அப்போது சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கேள்வி: சர்க்கரைக் கம்பெனிகள் பணம் கொடுத்துத்தான் கொழுப்பின் மேல் பழி போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: பாதி உண்மை. 1967-இல் மூன்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஆய்வுத் தொகுப்பு ஒன்றை எழுதினார்கள். இதய நோயில் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கி, கொழுப்பைப் பெரிதாக்கிக் காட்டியது அது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்த கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2016-இல்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். எத்தனை பேரின் தட்டை அது மாற்றியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வெண்ணெயை வழித்துச் சாப்பிடலாம் என்று சொல்வது தப்பு. வெண்ணெய், நெய்யில் அதிகம் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஏற்றுகிறது என்பது அந்த ஒரு கட்டுரையை நம்பி நிற்கும் விஷயம் இல்லை. ஆட்களுக்கு அளந்து சாப்பாடு கொடுத்து நடத்திய பல சோதனைகளில் உறுதியானது. நெய்யைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடலை, எள், மீன் என்று போனால் இதயத்துக்கு லாபம். மைதாவும் சர்க்கரையும் என்றால் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

பதில்: கூடாது. வாசனையும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு, உண்மைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதுதான். ஸ்பூன் கணக்கில் கருப்பட்டிக்குச் சலுகை கிடையாது. குழந்தைக்கு வடிகட்டிக் கொடுக்கும் பழச்சாறும் இதே கணக்கில்தான் வரும்; பழமாகவே கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் நாகர்கோவில். தேங்காய் எண்ணெய் இல்லாமல் சமையலே இல்லை. விட்டுவிட வேண்டுமா? (வாசகி)

பதில்: தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். அதனால் பொரிக்கவும் தாளிக்கவும் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அவியல் இறக்கும்போது மேலே ஊற்றும் அந்த ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயை நான் பிடுங்க மாட்டேன். எல்டிஎல் ஏற்கெனவே அதிகம் என்றால் மட்டும் அதையும் அளந்து ஊற்றுங்கள்.

எனக்குக் கவலை வனஸ்பதியில் செய்த பேக்கரி பஃப்ஸ்தான். 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அப்படியே இருந்தாலும், பஃப்ஸில் மைதாவும் நிறைவுற்ற கொழுப்பும் ஒன்றாக இருக்கின்றனவே.

கேள்வி: எடை குறைய எதை விட வேண்டும்? என்னால் பஜ்ஜியை விட முடியும், இனிப்பை விடவே முடியாது. (வாசகர், சேலம்)

பதில்: கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொழுப்பில் 9 கலோரி, சர்க்கரையில் 4. ஆனால் 2018-இல் வெளிவந்த ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது, ஐந்தாறு கிலோ. இரு தரப்புக்கும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். சரி, நீங்கள் பஜ்ஜியிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம் இனிப்பை வீட்டில் வாங்கி வைக்காமல், வாரத்தில் ஒரு நாள் கடைக்கு நடந்து போய் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மாதம் கழித்து இடுப்பளவை எனக்கு எழுதுங்கள்.