ஸ்காட்லாந்துல ஒரே ஒரு பழைய சர்ச் பார்க்கத்தான் நேரம் இருக்கு, எதைப் பார்க்கலாம்?

எடின்பரோ போறவங்க பெரும்பாலும் செயின்ட் ஜைல்ஸ் பார்த்துட்டு கிளம்பிடுவாங்க, தப்பில்ல. ஆனா ஒண்ணே ஒண்ணுதான்னு கேட்டா என் பதில் ஹாடிங்டன் ஊர்ல இருக்குற செயின்ட் மேரீஸ் சர்ச்தான். எடின்பரோவுக்கு கிழக்க சுமார் 27 கிலோமீட்டர், டைன் ஆத்தங்கரையில நிக்குது (நியூகாசில்ல ஓடுற டைன் வேற, இது சின்ன ஆறு). கட்டடத்தோட நீளம் மட்டும் 206 அடி.

1356ல இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் படையெடுத்து வந்து ஊரையே கொளுத்திட்டுப் போனாரு. அதுக்கப்புறம் 1380 வாக்குல ஆரம்பிச்சு நூறு வருஷம் போல இழுத்து இழுத்து கட்டினதுதான் இப்ப இருக்குறது. சிலுவை வடிவம், நடுவுல சதுர டவர், மேற்கு வாசல்ல அரைவட்ட வளைவுக்குக் கீழ ரெட்டைக் கதவு. ஐரோப்பாவுல பல இடத்துல கூர் வளைவு கட்டிக்கிட்டு இருந்த காலத்துல ஸ்காட்லாந்துக்காரங்க திரும்ப வட்ட வளைவுக்கு வந்தாங்க, அதுக்கு இந்த வாசல் நல்ல உதாரணம்.

1548லதான் பெரிய அடி. ஸ்காட்லாந்தோட குட்டி ராணி மேரியை எங்க சின்னப் பையன் எட்வர்டுக்கு (பின்னால ஆறாம் எட்வர்ட் ராஜா) கட்டிக் குடுங்கன்னு இங்கிலாந்து வருஷக்கணக்கா படையோட வந்து பொண்ணு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சண்டையில ஹாடிங்டனைப் பிடிச்சு மண் கோட்டை கட்டி உள்ள உக்காந்துக்கிட்டாங்க, வெளிய ஸ்காட்லாந்து படையும் பிரெஞ்சு படையும் முற்றுகை, சர்ச் கோட்டைக்கு வெளிய இருந்ததால நடுவுல மாட்டிக்கிச்சு. ஊருக்குப் பக்கத்துல ஒரு கன்னியர் மடத்துலதான் 1548 ஜூலை 7 அன்னிக்கு மேரியை பிரெஞ்சு இளவரசனுக்குக் குடுக்குறதுன்னு ஒப்பந்தம் ஆச்சு. அடுத்த வருஷம் இங்கிலீஷ் படை கிளம்பினப்போ சர்ச்சுக்கு கூரை இல்ல.

கொஞ்ச நாள்லயே புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தம் வந்துடுச்சு, அதை முன்ன நின்னு நடத்தின ஜான் நாக்ஸ் இந்த ஊர்க்காரர்தான். பழைய கத்தோலிக்க வழிபாட்டுக்கு வேண்டியிருந்த பீடமெல்லாம் இனி தேவையில்ல, எல்லாரும் உக்காந்து பிரசங்கம் கேட்க ஒரு ஹால் போதும். அதனால மேற்குப் பகுதியை மட்டும் சரிபண்ணி, டவர்கிட்ட குறுக்க சுவர் எழுப்பி அடைச்சுட்டாங்க. கிழக்குப் பகுதி நானூறு வருஷத்துக்கு மேல மழையிலயும் பனியிலயும் அப்படியே நின்னுச்சு. எழுத்தாளர் தாமஸ் கார்லைலோட மனைவி ஜேன் 1866ல இறந்தப்போ அவங்க அப்பாவோட கல்லறையிலயே புதைச்சாங்க, அப்போ அது திறந்த வானத்துக்குக் கீழ. என் வாழ்க்கையோட ஒளி அணைஞ்ச மாதிரி ஆச்சுன்னு கார்லைல் கல்லுல எழுதி வச்சிருக்காரு. இப்போ அந்தக் கல்லு சர்ச்சுக்கு உள்ள இருக்கு.

ஏன்னா 1970கள் தொடக்கத்துல அந்தச் சுவரை எடுத்துட்டு கிழக்குப் பகுதிக்கு மறுபடி கூரை போட்டாங்க. அண்ணாந்து பார்த்தா பழைய கல் வளைவுக் கூரை மாதிரியே இருக்கும், ஆனா அது ஃபைபர் கிளாஸ்! இது போலி வேலைன்னு சிலருக்குத் தோணும். எனக்கு அப்படி இல்ல. நானூறு வருஷம் நனைஞ்ச சுவர் மேல மறுபடி டன் கணக்குல கல்லை ஏத்துறது நியாயமா? லேசான கூரை போட்டதால அந்தப் பழைய சுவரும் தூணும் நின்னுச்சு, அதைவிட முக்கியமா தூணெல்லாம் இழைச்சு புதுசாக்காம அரிச்சது அரிச்சபடியே விட்டிருக்காங்க. டவருக்குக் கீழ நின்னு மேற்குத் தூணையும் கிழக்குத் தூணையும் மாத்தி மாத்திப் பாருங்க, எது மழையில நின்னுச்சுன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். பழுது பார்க்குறதுன்னா இப்படித்தான் பார்க்கணும்னு நான் முழுசா நம்புறேன்.

இங்கிலாந்து ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் டிசைன் பண்ணின கலர் கண்ணாடி ஜன்னல் ஒண்ணு இருக்கு, அதை விட்டுடாதீங்க. லாடர்டேல் பிரபு குடும்பத்து கல்லறை இருக்குற சின்ன அறை இப்போ எல்லா சபைக்காரங்களும் சேர்ந்து ஜெபம் பண்ற சேப்பல், அதையும் எட்டிப் பாருங்க. ஹாடிங்டனுக்கு டிரெயின் கிடையாது, எடின்பரோல இருந்து பஸ்தான். ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை நடக்கும், சுத்திப் பார்க்க மட்டும்னா வேற நேரம் வச்சுக்கோங்க.