எகிப்தியக் கோலத்தில் ஒரு தேவாலயம்

கேள்வி: அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து என் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். வாசலின் மேல் சிறகு விரித்த சூரிய வட்டமும், பூ விரிந்தாற்போன்ற தலைப்புடைய தூண்களும் தெரிகின்றன. அது பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் என்கிறான். அப்படியிருக்க, எகிப்தியக் கோயிலின் சாயல் அதற்கு எவ்வாறு வந்தது?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: உங்கள் மகன் சொன்னது சரியே. நகரின் நடுவே, ஒரே இடத்தில் எழுந்த மூன்றாவது ஆலயம் அது. 1816இல் கட்டிய முதல் ஆலயம் 1832இலும், அடுத்தது 1848இலும் தீக்கிரையாயின. அவ்வேளையில் டெனசி மாநிலச் சட்டசபைக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர் வில்லியம் ஸ்ட்ரிக்லாந்திடம் சபையார் பொறுப்பை ஒப்படைத்தனர். 1851இல் புதிய ஆலயம் திறக்கப்பட்டது.

நெப்போலியனின் 1798ஆம் ஆண்டுப் படையெடுப்போடு எகிப்து சென்ற அறிஞர்கள் வரைந்த சித்திரங்களும், 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அந்நாட்டின் பண்டைய எழுத்தை வாசித்தறிந்ததும், மேலைநாட்டாரிடையே எகிப்தியக் கட்டடக்கலைமீது பெரும் ஈர்ப்பை வளர்த்திருந்தன. கல்லறைத் தோட்ட வாயில்களையும் சிறைச்சாலைகளையும் அமெரிக்கர் அப்பாணியில் கட்டினார்கள். தேவாலயம் கட்டியது அபூர்வம். ஆயினும் இதில் முரண்பாடு இருப்பதாக நான் கருதவில்லை. விவிலியத்தின்படி யோசேப்பு ஆண்டதும், மோசே பிறந்ததும், குழந்தை இயேசு அடைக்கலம் புகுந்ததும் எகிப்திலேதான்.

உட்புறத்து வண்ணங்கள் 1880களில் தீட்டப்பட்டவை. பிரசங்க மேடைப் பக்கச் சுவரில், தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உள்நோக்கிச் செல்வதுபோல் வரைந்திருக்கிறார்கள். தட்டையான சுவர்தான், ஆனால் கண்ணுக்கு நீண்ட பிராகாரம்போல் தோன்றும். பிரெஸ்பிட்டேரியன் சபை சார்ந்த அதே புரட்டஸ்தாந்து சீர்திருத்த மரபில் ஒல்லாந்தர் 1757இல் கொழும்பில் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயத்தின் வெண்மையான எளிமையைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்கும்.

கேள்வி: அங்கே இன்றும் ஆராதனை நடக்கிறதா?
– அதே வாசகி

பதில்: நடக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடபகுதிப் படையினர் அதைக் கைப்பற்றி, 206 கட்டில்களோடு இராணுவ வைத்தியசாலையாக்கினார்கள். ஆராதனை மண்டபத்தில் காயப்பட்டவர்கள் கிடந்த காட்சி எப்படியிருந்திருக்கும் என்பதை, கோயில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சமடைந்து போர்நாட்களைக் கடந்த எம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டடத்துக்கு வந்த அடுத்த சோதனை அமைதிக் காலத்தில் வந்தது. 1955இல் சபையின் பெரும்பகுதியினர் புறநகருக்கு இடம்பெயர்ந்தனர். போக மனமில்லாத சிலர் அக்கட்டடத்தை விலைகொடுத்து வாங்கி, புதிய சபையாக அங்கேயே வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். 1993இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் அதன் கதவுகள் ஆராதனைக்குத் திறந்தே இருந்தன.