அருங்காட்சியகப் பொருட்களைக் காட்டி மாணவர்களுக்குப் போர் வரலாற்றைக் கற்பிக்க முடியுமா, அல்லது அது வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடுமா?

கற்பிக்க முடியும். நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், மாணவர்களை அழைத்துப்போக அனுமதி கேட்டு, "அதற்காக ஒரு நாளை வீணடிக்க வேண்டுமா?" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர் போலத் தெரிகிறது. வரலாற்று ஆசிரியரான நானும் அந்தப் பதிலைப் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் காட்டாதீர்கள். இரண்டு பொருள் போதும். பிள்ளைகள் எப்படியும் இயந்திரத் துப்பாக்கியைத்தான் மொய்ப்பார்கள். கொஞ்ச நேரம் மொய்க்கட்டும். பிறகு யாரும் நிற்காத பேழைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நான் நிறுத்தியது, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கழுத்தில் அணிந்த அடையாள வில்லைகளின் முன்னால். கெட்டியான நார் அட்டையில் செய்த இரண்டு சிறு வில்லைகள். ஒன்று பச்சை, எட்டு மூலை. மற்றது சிவப்பு, வட்டம். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண், படைப்பிரிவு, மதம். விளக்கப் பலகையைப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, "ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு?" என்று மட்டும் கேட்டேன்.

தொலைந்துபோனால் மாற்றுக்கு என்றான் ஒருவன். அப்படியானால் ஏன் வெவ்வேறு நிறம் என்று இன்னொருவன் மடக்கினான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்தான் கடைசியில் சொன்னாள்: "இறந்துவிட்டார் என்று தெரிவிக்க ஒன்றை எடுத்துப்போவார்கள் சார். இன்னொன்று இல்லையென்றால் அந்த உடல் யாருடையது என்று எப்படித் தெரியும்?"

அதேதான். போர் தொடங்கியபோது இருந்தது ஒரே ஓர் அலுமினிய வில்லை. அதைக் கழற்றிவிட்டால் உடலுக்குப் பெயர் இல்லை. 1916-இல்தான் இரண்டாயிற்று; சிவப்பைக் கழற்ற வேண்டும், பச்சை உடலோடு இருக்க வேண்டும் என்பது விதி. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் நினைவுச்சின்னத்தில், கல்லறை எதுவென்றே தெரியாத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதை அதன் பிறகு சொன்னேன். வில்லை மட்டுமே காரணமல்ல, பீரங்கிக் குண்டுகள் பல இடங்களில் உடலையே மிச்சம் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்த எண் அவர்களுக்கு அன்று உறைத்தது.

இதைப் படித்துவிட்டு, பிஞ்சு மனங்களில் போர் வெறியை ஊட்டுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேதியும் வெற்றி தோல்வியும் மட்டும் படித்த பிள்ளைக்குத்தான் போர் ஒரு விளையாட்டுப் போட்டி போலத் தோன்றும். துப்பாக்கியையே காட்டினாலும் அதன் இயக்கத்தைக் காட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெடிமருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகக் கோலால் இடித்து இறக்க வேண்டும். நன்கு பயின்ற சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவது பெரிது. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் மரை (திருகு வரிகள்) இல்லாததால் 100 மீட்டருக்கு அப்பால் குறி நிற்காது. அந்தக் காலத்துப் படைகள் ஏன் முட்டாள்தனமாக வெட்டவெளியில் வரிசைகட்டி நின்றன என்று கேட்கும் மாணவனுக்கு விடை அந்தக் குழலுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தனியாகச் சுட்டால் பலனில்லை; சேர்ந்து சுட்டால்தான் உண்டு.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது வரலாற்றுப் பாடவேளைதான். கணக்குக்குச் சிறப்பு வகுப்பா, வரலாற்றை எடு. விழாவுக்கு ஒத்திகையா, வரலாற்று ஆசிரியரை அனுப்பு. இப்படி ஆண்டு முழுவதும் பிடுங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஆர்வமில்லை என்று கூட்டத்தில் எங்களிடமே கேட்பது அநியாயம்.

உங்களுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். முதல் உலகப் போர் முடியும் முன்பே, 1917-இல் நிறுவப்பட்ட லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் பலவற்றைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள். கீழே உள்ள விளக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.