போன வாரம் நல்லா கடிச்ச இடத்துல இந்த வாரம் ஏன் மீனே கடிக்கல?

கேள்வி கேட்டவர் போன ஞாயித்துக்கிழமை ஏரியில ஒரு இடத்துல உக்காந்து வரிசையா கெண்டையா தூக்கியிருக்கார். அதே இடம், அதே மண்புழு, இந்த வாரம் தக்கை அசையவே இல்லையாம், நடுவுல ரெண்டு நாள் நல்ல மழை வேற. தண்ணி எவ்வளவு இருந்தா மீன் கடிக்கும்னு கேட்டிருக்கார்.

15 வருஷமா தூண்டிலோட சுத்துறவன்ங்கற முறையில சொல்றேன், எவ்வளவு தண்ணிங்கறது ரெண்டாவது கேள்வி, தண்ணி ஏறுதா இறங்குதாங்கறது தான் முதல் கேள்வி. நான் போனதும் அலை அடிக்காத மூலையா பாத்து ஒரு குச்சிய குத்தி, தண்ணி தொடுற எடத்துல கத்தியால ஒரு கீறல் போட்டுருவேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா கதை தெரிஞ்சுரும்.

ஏறுற தண்ணின்னா, நேத்து வரைக்கும் காஞ்சு கிடந்த புல்தரை எல்லாம் முங்கும், அதுல இருந்த புழு, எறும்பு, வெட்டுக்கிளி எல்லாம் தண்ணிக்குள்ள வந்துரும், மீனுக்கு இதை விட வேற என்ன வேணும், முழங்கால் ஆழத்துக்கே மேய வந்துரும். காத்தே இல்லாத நேரம் முங்கின புல்லுல ஒரே ஒரு தாள் மட்டும் நடுங்கும் பாருங்க, சுத்தி இருக்கறது எல்லாம் சும்மா நிக்கும், அது மட்டும் ரெண்டு தடவை வெட்டி வெட்டி ஆடும், அடியில கெண்டை உரசிட்டு போகுது. நீங்க அனேகமா பழைய நினைப்புல தூரமா வீசியிருப்பீங்க, மீன் உங்க காலடியில இருந்திருக்கும், நீங்க நடந்து வந்த அதிர்வுலயே ஓடியிருக்கும்.

இறங்குற தண்ணி நேர் எதிர். ஓரத்துல மாட்டிக்குவோம்னு மீனுக்கு தெரியும் போல, மட்டம் இறங்க ஆரம்பிச்ச உடனே புல்லை விட்டு வெளிய வந்து பக்கத்து பள்ளத்துக்கோ பழைய வாய்க்கால் தடத்துக்கோ போயிரும். அந்த பள்ளம் எங்க இருக்குன்னு தெரியணும்னா கோடையில ஏரி வத்தும்போது தூண்டில் இல்லாம சும்மா ஒரு நடை போங்க, குழி, அடிமரம், பாறை எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. என்கிட்ட இருக்குறதுலயே உருப்படியான மீன்பிடி சாமான் அந்த போட்டோக்கள் தான்.

மழையில இன்னொன்னு, புது தண்ணி உள்ள விழுற வாய் பக்கம் தண்ணி கலங்கிரும், கண்ணால பாத்து வேட்டையாடுற மீனுக்கு அது கஷ்டம், ஆனா கெளுத்திக்கு மீசையே போதும், நல்லா வாசம் அடிக்கிற இரையா போட்டு கலங்கலும் தெளிவும் சேர்ற கோட்டுல உக்காந்தா ரெண்டு வகையும் கிடைக்கும்.

வெயில்ல ஏன் கடிக்க மாட்டேங்குதுன்னா, தண்ணி சூடாக சூடாக அதுல கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் நிக்கும், 30 டிகிரியில ஏழரை தான். ஆனா சூடு ஏறினா மீனோட உடம்புக்கு ஆக்சிஜன் அதிகமா தேவைப்படும், ரெண்டு பக்கமும் இடி. பாசி பச்சையா மண்டின ஏரின்னா இன்னும் மோசம், பாசி ராத்திரி ஆக்சிஜன் விடாது, அதுவும் சேந்து குடிக்கும், அதனால ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்குறது விடியக்காலையில. ஒரு தடவை இப்படித்தான் விடியல்ல போனேன், ஓரம் பூரா மீன் வாயை பொளந்துகிட்டு மேல மிதக்குது, இன்னைக்கு வேட்டை தான்னு நினைச்சு ஒரு கெண்டையோட மூக்குக்கு நேரா புழுவை இறக்குனேன், அது புழுவை தள்ளிட்டு காத்துக்கு வாயை திறக்குது! மூச்சு முட்டும்போது எவன் சாப்பிடுவான். விரால் மாதிரி சில மீன் விதிவிலக்கு, அதுங்க மேல வந்து நேரா காத்தையே உறிஞ்சிக்கும்.

காத்து முகத்துல அடிக்கிற கரை தான் நல்ல கரை. வீசுறது கடுப்பு தான், ஆனா மேல்தண்ணியையும் அதுல மிதக்குற நுண்ணுயிரையும் காத்து அந்த பக்கமா ஒதுக்கும், பொடி மீன் அதை தேடி வரும், பெரிய மீன் பொடியை தேடி வரும்.

காத்தழுத்தம் பாக்கணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வானிலை ஆப்ல காத்தழுத்தம் 20 மில்லிபார் இறங்கினா பெரிய மாற்றம், ஆனா தண்ணிக்குள்ள அது வெறும் 20 செ.மீ. ஆழ வித்தியாசத்துக்கு சமம், மீன் ஒரு மீட்டர் மேல கீழ போனாலே அதை விட அஞ்சு மடங்கு அனுபவிச்சிரும். அழுத்தத்தோட கூட வர்ற மேகமும் காத்தும் தான் வேலை செய்யுதுங்கறது என் கட்சி, சண்டைக்கு வர்றவங்க கமெண்ட்ல வாங்க. இடி இடிச்சா மட்டும் கார்பன் ராடை, அதாவது கார்பன் நார் தூண்டில் கம்பை, கீழ வச்சிட்டு கெளம்பிருங்க, அது மின்சாரத்தை கடத்தும்.

அடுத்த மழைக்கு அப்புறம் போகும்போது தண்ணியில இருந்து பத்தடி தள்ளியே நின்னு, முதல் வீச்சை ஓரப்புல்லுலயே போட்டு பாருங்க.