அப்பாவுக்கு ஸ்டென்ட், ஆறு பேருக்கு சிங்கப்பூர்: டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கணுமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் திருச்சி. மே மாத லீவில் குடும்பத்தோடு ஏழு நாள் மலேசியா, சிங்கப்பூர் போகிறோம். நான் (38), மனைவி (35), பிள்ளைகள் இருவர் (10, 6), அப்பா (68), அம்மா (63). அப்பாவுக்குச் சர்க்கரையும் பிபியும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம், இப்போது நன்றாக நடமாடுகிறார். மொத்தச் செலவு 5.2 லட்சம். டிராவல்ஸ்காரர் ஆறு பேருக்கும் சேர்த்து 9,400 ரூபாய்க்கு டிராவல் இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார். எங்களிடம் ஏற்கெனவே 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி (குடும்பம் முழுவதுக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. கிரெடிட் கார்டிலும் 1 கோடி இன்சூரன்ஸ் என்று போட்டிருக்கிறது. "விசாவுக்கே கேட்காத இன்சூரன்ஸ் எதற்கு? அந்தக் காசில் பிள்ளைகளை யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போகலாம்" என்கிறார் மனைவி. எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: எடுங்கள். ஆனால் டிராவல்ஸ்காரர் நீட்டுகிற அந்த 9,400 ரூபாய் பாலிசியை அப்படியே வாங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் உண்மையாகத் தேவைப்படுகிறவர் அப்பா. அந்த மாதிரி மொத்த பாலிசியில் முதலில் விட்டுப்போகிறவரும் அவர்தான்.

விசா விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரி. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டினால்தான் விசா. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. சிங்கப்பூர் டூரிஸ்ட் விசாவுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. மலேசியாவோ 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கே தந்திருக்கிறது. ஆனால் விசா அதிகாரி கேட்காததை ஆஸ்பத்திரி கேஷ் கவுண்டரில் கேட்பார்கள்.

கையில் இருக்கும் இரண்டையும் முதலில் பார்த்துவிடுவோம். ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சிகிச்சை இந்தியாவுக்குள் நடந்தால்தான் பணம் என்று பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டுக்கும் செல்லுபடியாகும் பாலிசிகள் சில வந்திருக்கின்றன. உங்களுடையது அந்த ரகமா என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டில் இருக்கும் 1 கோடி, விமான விபத்தில் உயிர் போனால் வருகிற பணம். சின்னவனுக்கு கோலாலம்பூரில் வாந்தி பேதி வந்தால் அதிலிருந்து ஒரு ரிங்கிட்டும் வராது. அந்த 1 கோடிக்கும்கூட, டிக்கெட்டை அதே கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது மாதிரி நிபந்தனைகள் உண்டு. டிக்கெட்டை டிராவல்ஸ்காரர் போட்டிருக்கிறார் என்றால் அதுவும் சந்தேகம்தான்.

டிராவல் இன்சூரன்ஸ் பிரசுரத்தில் இருபது சலுகை அடுக்கியிருப்பார்கள். அத்தனையையும் படித்துக் குழம்ப வேண்டாம். எந்த நஷ்டம் வந்தால் வீட்டுக் கணக்கே தலைகீழாகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி தொலைந்தால் அப்படித் தலைகீழாகாது. கடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு விமான நிறுவனமே பொறுப்பு. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல், அவர்கள் நஷ்டஈடு தர வேண்டியிருக்கும். அது உச்சவரம்பு. பெட்டியில் இருந்ததை நீங்கள் நிரூபிக்கிற அளவுக்குத்தான் கிடைக்கும். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிவிட வேண்டும், அது முக்கியம். நகையையும் அப்பாவின் மாத்திரைகளையும் பெட்டியில் போடாதீர்கள். மாத்திரை, டாக்டர் சீட்டு இரண்டும் கைப்பையில்.

பயணமே ரத்தானால்? அதிகபட்சம் 5.2 லட்சம். வலிக்கும், ஆனால் குடும்பம் கவிழாது. விமான நிறுவனமே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பி வரும். ஓட்டலுக்கும் டூருக்கும் கட்டியது வருமா என்பதுதான் பிரச்சினை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதை மூழ்கியபோது பலர் அந்த ஓட்டல், டூர் பணத்தில்தான் மாட்டினார்கள். உங்கள் விஷயத்தில் பயணம் ரத்தாக அதிக வாய்ப்புள்ள காரணம் புயல் இல்லை, அப்பாவின் உடம்பு. அது ஏற்கெனவே இருக்கும் நோய் என்பதால், ரத்து காப்பீடு அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதனால் அதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவதைவிட, கடைசி இரண்டு மூன்று நாள் வரை இலவசமாக ரத்து செய்ய முடிகிற ஓட்டலாகப் போடுங்கள். அறை வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

மிச்சம் ஆஸ்பத்திரி. இதற்குத்தான் வரம்பு இல்லை. சிங்கப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் மானியம் சுற்றுலா போனவருக்குக் கிடையாது. சேர்க்கும்போதே முன்பணம் கேட்பார்கள். நெஞ்சுவலி என்று அப்பாவைச் சேர்த்து, ஆஞ்சியோ, ஐசியூ என்று நாலு நாள் போனால் உங்கள் பயணச் செலவு அத்தனையும் சின்னதாகத் தெரியும். படுக்கையோடு விமானத்தில் திருச்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அது தனிக் கணக்கு.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருடம் முன்பு பத்துமலையில் 272 படியும் ஏறிவிட்டு இறங்கும்போது என் மாமியார் கடைசிப் பத்துப் படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிவு. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண், வலியில் துடிக்கிறவரைப் பார்த்துக்கொண்டே கார்டு மெஷினை என் பக்கம் திருப்பி வைத்தார். பாலிசியில் அச்சிட்டிருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அட்மிஷன் இல்லை, மாவுக்கட்டு மட்டும் என்பதால் கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கிடையாது, பில்லை அனுப்புங்கள் என்றார்கள். 1,800 ரிங்கிட் கட்டினேன். ஊருக்கு வந்து பில், எக்ஸ்ரே ரிப்போர்ட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் நகல் எல்லாம் அனுப்பினேன். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு ஒன்று இல்லை என்று ஆறு வாரம் இழுத்தார்கள். கடைசியில் 100 டாலர் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். இந்த 100 டாலருக்குத்தான் டிடக்டிபிள் என்று பெயர், ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகிற தொகை. அந்த 1,800 ரிங்கிட் பில்லுக்காக நான் அன்று பாலிசி எடுத்திருக்கவே தேவையில்லை. மணிக்கட்டுக்குப் பதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத்தான் எடுத்தேன்.

இனி அந்த 9,400 ரூபாய்க்கு வருகிறேன். டிராவல்ஸ் ஆபீஸில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். உங்கள் ஆறு பாஸ்போர்ட் நகலும் அவர்களிடம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதியைப் பார்த்து ஆன்லைனில் தட்டுவார்கள். "ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?" என்ற கட்டம் வரும்போது ஆறு பேருக்கும் "இல்லை" என்று விழும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, "ஆமாம்" என்று போட்டால் மேற்கொண்டு பத்துக் கேள்வி திறக்கும், சில சமயம் பாலிசியே வராது. உங்களுக்கு ஓடிபி வரும், நீங்களும் படித்துச் சொல்லிவிடுவீர்கள். அந்த "இல்லை" இப்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்.

சிங்கப்பூரில் அப்பாவுக்கு நெஞ்சு படபடத்தால் டாக்டர் முதலில் கேட்பதே பழைய வரலாறுதான். அப்பாவே சொல்வார், "மூணு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க" என்று. அது ஆஸ்பத்திரிக் குறிப்பில் முதல் வரியாகப் போகும். அந்தக் காகிதம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனதும், நோயை மறைத்தார் என்று கிளெய்மைத் தள்ளுபடி செய்ய வேறு காரணமே தேவையில்லை. இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் வரையான வழக்குகளைச் செலவில்லாமல் விசாரிப்பார்கள். ஆனால் ஃபார்மில் "இல்லை" என்று இருக்கும்போது அங்கே போய் என்ன பேசுவீர்கள்?

ஆகவே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி பாலிசி, ஃபார்மை நீங்களே நிரப்புங்கள். சர்க்கரை, பிபி, ஸ்டென்ட், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும். எழுதினால் கம்பெனி மூன்றில் ஒன்று செய்யும். மாட்டேன் என்று சொல்லும். அல்லது இதயம் சம்பந்தப்பட்டதைத் தவிர மற்றதற்குத் தருகிறேன் என்னும். அல்லது பழைய நோயாலேயே உயிருக்கு ஆபத்து வந்தாலும் இத்தனை டாலர் வரை தருகிறேன் என்னும். உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது. அந்த "இத்தனை டாலர்" எவ்வளவு என்பதை வாய்வார்த்தையாக நம்பாமல் பாலிசிக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். மேலே 50,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும், பழைய நோய்க்கான வரம்பு உள்ளே எங்கோ சின்னதாக இருக்கும்.

இன்னொரு இடம், சப்-லிமிட். அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சில பாலிசிகளில் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் பில்லுக்கு முன்னால் அது கால்வாசிக்குக்கூடக் காணாது. சப்-லிமிட் இல்லாததாக, பெற்றோருக்கு ஆளுக்கு 1 லட்சம் டாலராவது இருப்பது மாதிரிப் பாருங்கள். நீங்கள் நாலு பேரும் சாதாரண 50,000 டாலர் பாலிசி எடுத்தால் போதும், ரூபாயில் 40 லட்சத்துக்கு மேல் வருகிறது. பிள்ளைகளுக்கு வரக்கூடியது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டெங்கு. டெங்கு இரண்டு ஊரிலும் உண்டு. மொத்தக் கணக்கு 9,400-ஐத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள், கூடுவது முழுக்க அப்பாவுக்கான பிரீமியமாகத்தான் இருக்கும்.

எந்தக் கம்பெனியும் அப்பாவின் இதயத்துக்குப் பொறுப்பேற்கவில்லை என்றால்? அப்போது அதற்கு நீங்களேதான் இன்சூரன்ஸ் கம்பெனி. மொபைலிலேயே உடைக்கக்கூடிய ஒரு எஃப்டியும், வெளிநாட்டில் வேலை செய்யும், லிமிட் கணிசமாக உள்ள ஒரு கார்டும் கையில் இல்லாமல் அவரைக் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். எந்த நிலையிலும் புறப்படுவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து, பயணம் செய்யலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் போனவருக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது.

பாலிசியின் கடைசித் தேதியையும் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து திருச்சி வரும் விமானம் தாமதமாகி நள்ளிரவைத் தாண்டினால் தேதி மாறிவிடும். ஒன்றிரண்டு நாள் கூட்டிப் போடுங்கள், பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் வராது. இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம், பெரும்பாலும் தர மாட்டார்கள். உதவி எண்ணை உங்கள் போனிலும் மனைவி போனிலும் பதிந்துவையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அந்த எண்ணுக்குச் சொன்னால்தான் கேஷ்லெஸ் கிடைக்க வழி உண்டு.

ஊட்டி, காஷ்மீர் என்று உள்நாட்டுக்குள் போவதாக இருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். உங்கள் ஃப்ளோட்டரே அங்கெல்லாம் வேலை செய்யும். ரயில் டிக்கெட் ஆன்லைனில் போடும்போது வரும் 45 பைசா இன்சூரன்ஸை மட்டும் டிக் செய்யுங்கள். விபத்தில் உயிரிழப்புக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. பின்னால் வரும் லிங்கில் போய் நாமினி பெயரைப் போடத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

யுனிவர்சல் ஸ்டுடியோ டிக்கெட்டை மனைவி தாராளமாக வாங்கட்டும், அதற்கும் பட்ஜெட்டில் இடம் இருக்கிறது. நீங்கள் டிராவல்ஸ்காரருக்குப் போன் போடுவதற்கு முன் அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வையுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியைக் கேட்பார்கள்.