இரண்டு நொடியில் அணையும் மானிட்டர்: ரிப்பேரா, புதுசா?

கேள்வி: என்னுடையது பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய எல்.சி.டி. மானிட்டர். ஆன் செய்தால் படம் வருகிறது, இரண்டே நொடியில் திரை இருண்டுவிடுகிறது. ஏழெட்டு முறை விடாமல் அணைத்துப் போட்டால் பிறகு மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்குப் போக வேண்டாம். திரை இருண்டதும் பவர் பட்டன் பக்கத்து விளக்கைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் மானிட்டருக்கு சிக்னல் வரவில்லை என்று பொருள். கேபிளை மாற்றிப் பாருங்கள், அதிலேயே வேலை முடிந்துவிடலாம். விளக்கே அணைந்துவிட்டாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ, கோளாறு பவர் போர்டில், அதாவது மானிட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட் பலகையில்.

நிறம் மாறாமல் எரிந்தால்? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் உயிரோடுதான் இருக்கிறது, பின்னால் இருந்து அதற்கு வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும் அணைந்திருக்கிறது. பழைய மானிட்டர்களில் பேக்லைட் என்பது பென்சிலைவிட மெல்லிய டியூப்கள். அவற்றுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் சர்க்யூட், ஏதாவது ஒரு டியூப் சரியாக எரியாவிட்டாலும் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் ஓரிரு நொடியில் அணைத்துவிடும். நீங்கள் சொல்லும் இரண்டு நொடிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் எனக்கு உறைப்பது அந்த "ஏழெட்டு முறை". பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் குட்டி உருளைதான் கெப்பாசிட்டர். அதற்கு உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோனால், குளிர்ந்த நிலையில் அது சரியாக வேலை செய்யாது; கொஞ்சம் சூடேறியதும் சமாளித்துவிடும். நீங்கள் திரும்பத் திரும்ப ஆன் செய்து அதைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! தேய்ந்த டியூபும் இப்படி முரண்டு பிடிப்பதுண்டு. அப்போது ஆன் செய்தவுடன் திரை இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைக் கவனியுங்கள்.

கெப்பாசிட்டர் என்றால் தாராளமாக ரிப்பேர் செய்யுங்கள். உதிரிப்பாகங்களிலேயே மலிவானது அது. கெட்டுப்போனதில், தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியோ பழுப்புக் கறை கசிந்தோ இருக்கும். உப்பாமலே கெட்டுப்போவதும் உண்டு என்பதால் பக்கத்தில் அதே வரிசையில் இருக்கும் கெப்பாசிட்டர்களை எல்லாம் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் (எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். 105 டிகிரி தாங்கும் ரகம் நல்லது. "போர்டையே மாற்றணும்" என்று மெக்கானிக் சொன்னால், பழைய போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சாலிடரிங் தெரியும் என்று நீங்களே திறந்துவிடாதீர்கள். 230 வோல்ட் லைனில் ஓடும் மானிட்டரின் பெரிய கெப்பாசிட்டரில், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

டியூப் போயிருந்தால் என் ஓட்டு புதிய எல்.இ.டி. மானிட்டருக்குத்தான். டியூபை மாற்றப் பேனலையே பிரிக்க வேண்டும். பிரித்துச் சேர்ப்பதற்குள் உள்ளே தூசி புகுந்துவிடும். பழையதைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், அந்த டியூப்களில் பாதரசம் இருக்கிறது.