வாக்கெடுப்புக்கு முன்னா, பின்னா?

அன்புள்ள அம்மா,

நியூஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்காக அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். இந்திய டாக்டர்களையும் எஞ்சினியர்களையும் வரவழைக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 1971இல் இங்கு வந்த என் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். ஒரு சட்டத்தை இயற்றியவர்கள் என்ன நினைத்து இயற்றினார்கள் என்பதை எங்கே தேடுவது? கையெழுத்திட்ட அன்று ஜனாதிபதி ஜான்சன் பேசியதை மேற்கோள் காட்டினால் போதுமா? ஏஐயிடம் கேட்டதில் ஒரு பக்கச் சுருக்கம் கிடைத்தது, அதை நம்பலாமா? பணம் கட்டிச் சேரும் தரவுத்தளம் ஏதாவது தேவையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். அந்தச் சுருக்கத்தில் மூல ஆவணத்தின் எண்ணும் பக்கமும் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். அமெரிக்க அரசு தன் வெளியீடுகளைக் கொடுத்துவைக்கும் டெபாசிட்டரி நூலகங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அந்த ஆவணங்களைப் பொதுமக்கள் யார் கேட்டாலும் இலவசமாகக் காட்ட வேண்டும் என்பது விதி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டின் பழைய தொகுதிகள் 1873 முதல் அரசின் கவ்இன்ஃபோ தளத்திலேயே கிடைக்கின்றன. 1965க்கு உரியது 111ஆம் தொகுதி.

ஜான்சன் பேச்சு போதாது. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்களே திரும்பத் திரும்ப வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் போய்ச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக ஊரில், நூலகத்தின் அரசு ஆவணப் பிரிவில் எனக்குச் சின்ன வேலை ஒன்று கிடைத்தது. ஆவணப் பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிஷ் தகடுகளை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை உறையில் போட்டு அடுக்குவதும்தான் வேலை. எனக்கு மேலே இருந்த அம்மையாருக்கு அப்போதே அறுபது வயதிருக்கும். சட்ட மாணவர்கள் ஓடி வந்து, “இந்தச் சட்டத்தின் நோக்கம் பற்றி ஒரு மேற்கோள் வேண்டும்” என்பார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: “வாக்கெடுப்புக்கு முன்னால் சொன்னதா, பின்னால் சொன்னதா?” பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். நிற்கவைத்துத் திட்டியதும் உண்டு. கண்ணில் நீர் முட்ட நின்ற ஒரு பையனுக்குத் தன் மதியச் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து உட்காரவைத்து, மசோதா எண்ணிலிருந்து, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு எழுதிய அறிக்கைக்கு எப்படிப் போவது என்று மாலைவரை சொல்லிக்கொடுத்ததும் உண்டு. சட்ட வரலாறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை.

அந்தக் கேள்வியை உங்கள் மேற்கோளிடம் கேளுங்கள். மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஆகஸ்ட் 25 அன்று 318க்கு 95 என்ற கணக்கில் நிறைவேற்றியது. செனட் செப்டம்பர் 22 அன்று, 76க்கு 18. இது புரட்சிகரமான மசோதா அல்ல, லட்சோபலட்சம் பேரின் வாழ்க்கையைப் பாதிக்கப்போவதும் அல்ல என்று சுதந்திர தேவி சிலை நிற்கும் லிபர்ட்டி தீவில் ஜான்சன் பேசியது அக்டோபர் 3. வாக்களித்த ஒருவர்கூட அதைக் கேட்டுவிட்டு வாக்களிக்கவில்லை. அது ஜான்சனின் கருத்து, அவ்வளவுதான்.

“சபையில் பேசியதையே காட்டுகிறேன்” என்பீர்கள். காங்கிரஷனல் ரெக்கார்டில் அச்சானதெல்லாம் சபையில் பேசியது என்று நினைக்காதீர்கள், தம்பி. பேசியதைத் திருத்தவும், பேசாததைச் சேர்க்கவும் உறுப்பினர்களுக்கு அனுமதி உண்டு. 2005இல் கைதிகள் நடத்துமுறைச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் குவான்டனாமோ சிறையிலிருந்த கைதிகள் ஏற்கெனவே போட்டிருந்த வழக்குகளையும் அது தடுக்கிறதா என்பது பெரிய சண்டையானது. ஆம், தடுக்கிறது என்று செனட்டர்கள் லிண்ட்சி கிரஹாமும் ஜான் கைலும் உரையாடிக்கொள்வதுபோல டிசம்பர் 21 தேதியிட்ட ரெக்கார்டில் நீண்ட பகுதி ஒன்று இருக்கிறது. நமக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது என்று நடுவில் ஒருவர் சொல்கிறார். இன்னொரு செனட்டர் குறுக்கிட அனுமதி கேட்கிறார். வாசித்தால் கண்முன் நடந்த பேச்சு போலவே இருக்கும். அதில் ஒரு சொல்கூட அவையில் பேசப்படவில்லை. அந்த இரு செனட்டர்களும் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் அதையே சான்றாகக் காட்டினார்கள். 2006 ஜூனில், அந்தக் கைதிகளில் ஒருவரான ஹம்தானின் வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் அடிக்குறிப்பு, விவாதம் முடிந்தபின் நுழைக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று சொல்லி அதை ஒதுக்கியது. அதே சட்டப்பிரிவை உருவாக்கிய மூவரில் ஒருவரான கார்ல் லெவின், வாக்கெடுப்புக்கு முன்பே இதற்கு நேர்மாறாகப் பேசியிருந்தார்.

அவையில் பேசாமல் சேர்த்தவற்றின் பக்கத்தில் கரும்புள்ளி வைக்கும் வழக்கமே 1978இல்தான் வந்தது. நீங்கள் புரட்டப்போகும் 1965 பக்கங்களில் அந்த அடையாளம்கூடக் கிடையாது. எது வாயால் வந்தது, எது தட்டச்சு செய்து கொடுத்தது என்று தெரியாமல் யார் பேச்சையும் தூக்கிவைத்து எழுதாதீர்கள்.

அப்படியானால் குழு அறிக்கை மட்டும் வேதமா? அதுவும் இல்லை. 1885இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் போட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கூட்டிவருவதைத் தடைசெய்தது அது. நியூயார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரை ஒப்பந்தம் போட்டு வரவழைத்தது. சட்டத்தின் வாசகம் எந்த உழைப்புக்கும், சேவைக்கும் பொருந்தும். விலக்கு பெற்றவர்களின் பட்டியலில் நடிகர், பாடகர், சொற்பொழிவாளர் எல்லாம் உண்டு, பாதிரியார் இல்லை. 1892இல் உச்ச நீதிமன்றம் செனட் குழுவின் அறிக்கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்தை விடுவித்தது. உழைப்பு என்பதை உடலுழைப்பு என்று வெளிப்படையாகத் திருத்தியிருக்கலாம், ஆனால் கூட்டத்தொடர் முடிவதற்குள் மசோதா நிறைவேற வேண்டுமே என்று திருத்தாமல் விடுகிறோம், எப்படியும் அந்தப் பொருளில்தான் படிப்பார்கள் என்றது அறிக்கை. ஆனால் அந்தக் கூட்டத்தொடரில் மசோதா நிறைவேறவே இல்லை. திருத்தம் செய்ய வேண்டிய அவகாசம் கிடைத்தது, அடுத்த கூட்டத்தொடரில் விவாதமும் நடந்தது. நூறாண்டு கழித்து அதை முழுக்கப் படித்த ஆய்வாளர் ஒருவர், விவாதம் வேறு திசையில் போயிருக்கிறது என்று வாதிட்டார். அறிக்கை எழுதிய தேதிக்கும் வாக்கெடுப்புத் தேதிக்கும் நடுவே என்ன நடந்தது என்று நீதிபதிகள் பார்க்கவில்லை.

உங்கள் சட்டத்தின் எண் 89-236. நிறைவேறிய சட்டங்களை அச்சிடும் ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ் வரிசையில் 79ஆம் தொகுதி, 911ஆம் பக்கம். மசோதா எச்.ஆர். 2580. பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை எண் 745, செனட்டுடையது 748. இவற்றோடு நின்றுவிடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு இரண்டாண்டுக் காலத்தையும் ஒரு காங்கிரஸ் என்பார்கள்; நிறைவேறாத மசோதா அந்தக் காங்கிரஸோடு காலாவதியாகும், அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு வரும். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இமானுவேல் செல்லர் இதே நோக்கத்தில் கொண்டுவந்த முந்தைய மசோதா எச்.ஆர். 7700. அதன்மேல் 1964இல் நடந்த ஹியரிங்கை, அதாவது குழுவின் முன் சாட்சிகள் சொன்னதன் பதிவைத் தேடி எடுங்கள், பழைய ஹியரிங்குகள் பல ஹாதிட்ரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி அங்கே சொல்கிறார்: ஆசிய-பசிபிக் பகுதியிலிருந்து முதல் ஆண்டு 5,000 பேர் அளவில் வருவார்கள், அதன்பின் அங்கிருந்து குடியேற்றம் அநேகமாக இல்லாமலே போகும். அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம், 1946இல் கொடுத்தது. இதைப் படித்துவிட்டு, இந்திய எஞ்சினியர்களுக்காக வந்த சட்டம் என்று எப்படி எழுதுவீர்கள்?

விகிதங்களையும் பாருங்கள். அரசு அனுப்பிய மசோதா திறமையாளர்களுக்குப் பாதி இடம் வரை முதலுரிமை கேட்டது. குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர் மைக்கேல் ஃபீகன் குடும்பத்தை முன்னே கொண்டுவரச் செய்தார். கடைசியில் குடும்பப் பிரிவுகளுக்கு 74 சதவீதம், அகதிகளுக்கு 6. படித்த தொழில் வல்லுநர்களுக்கான மூன்றாம் பிரிவுக்கு 10, ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளுக்கு இன்னொரு 10. ஏற்கெனவே இருக்கும் ஐரோப்பியக் குடும்பங்களின் உறவினரே வந்து நாட்டின் கலவை மாறாமல் இருக்கும் என்பது அந்த ஏற்பாட்டை ஆதரித்தவர்களின் கணக்கு. நம்மவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இதைப் போய் அப்பாவிடம் அவரை மடக்குவதுபோலச் சொல்லிவிடாதீர்கள். 1971இல் படித்துவிட்டு வந்தவர் என்றால் அநேகமாக மூன்றாம் பிரிவாகத்தான் இருக்கும். தன்னைத் தேடித்தான் அழைத்தார்கள் என்று அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தால் அதில் ஒரு பாவமும் இல்லை. எந்தப் பிரிவில் விசா வந்தது, பழைய காகிதம் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பின்னாளில் சித்தப்பாவோ அத்தையோ வந்திருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கான ஐந்தாம் பிரிவுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம், 24 சதவீதம். ஐரோப்பியர்களை நினைத்து வைத்த அந்தப் பிரிவில் உங்கள் வீட்டிலேயே எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதினால், மலரில் வேறு யாரும் எழுத முடியாத கட்டுரையாக இருக்கும்.

1964 ஹியரிங் கிடைக்கவில்லையென்றால் எழுதுங்கள், பக்கத்தைத் தேடி அனுப்புகிறேன். படிக்காமல் மட்டும் மலரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்.